இளம் மூளை விஞ்ஞானிகள்: பட்டம் பெற்ற பின்னர் கைகொடுப்பது யார்?

மூளை பற்றி ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் மறுநாளே சுயாதீன விஞ்ஞானியாகி விடுவதில்லை. இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வாளராகப் பணியாற்ற வேண்டும். சொந்தமாக ஆய்வு தொடங்க நிதி கேட்டால், "இதுவரை தனியாகச் செய்தது என்ன?" என்பார்கள். நிதியின்றித் தனியாக எதைச் செய்வது? திறமையுள்ள பலர் துறையை விட்டு விலகுவது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கட்டத்தில் ஓர் ஆசான் என்ன செய்யலாம் என்பதற்கு ரீட்டா லெவி-மொந்தால்சினியின் வாழ்க்கை நல்ல உதாரணம். இத்தாலியின் டியூரின் நகரில் மருத்துவம் கற்ற இவர், யூதர் என்பதால் 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்களால் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். போர்க்காலத்தில் தனது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கி, கோழிக் கருக்களில் நரம்புகளின் வளர்ச்சியை ஆராய்ந்தார். அதே சட்டத்தால் பதவி இழந்த அவரது ஆசான் ஜியுசெப்பே லெவி, அந்த அறைக்கே வந்து மாணவியின் உதவியாளராக நின்றார்.

போருக்குப் பின் விக்டர் ஹம்பர்கர் அவரை அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்கு அழைத்தார். சில மாதங்களுக்கெனச் சென்றவர் பல தசாப்தங்கள் அங்கே பணியாற்றினார். நரம்பு வளர்ச்சிக் காரணி தொடர்பான கண்டுபிடிப்புக்காக 1986இல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஜியுசெப்பே லெவியின் மாணவர்களில் நோபல் பரிசு பெற்றவர்கள் மூவர்.

ஆனால் எல்லோருக்கும் அத்தகைய ஆசான் வாய்ப்பதில்லை. ஆகவே வழிகாட்டலையும் நிதியையும் ஒரே திட்டத்தில் இணைக்கும் முறைகள் உருவாகின. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2006இல் ஆரம்பித்த 'சுயாதீனத்துக்கான பாதை' விருது அவற்றில் ஒன்று. மூளை ஆய்வாளர்களும் இதற்கு விண்ணப்பிக்கின்றனர்.

இது இரு கட்டங்கள் கொண்டது. முதல் இரண்டு ஆண்டுகள் வரை இளம் ஆய்வாளர் ஒரு வழிகாட்டியின் கீழ் பயிற்சி பெறுவார். பல்கலைக்கழகமொன்றில் ஆசிரியப் பதவி கிடைத்ததும் இரண்டாம் கட்டம் தொடங்கும். மூன்று ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு 249,000 டொலர் வரை நிதி கிடைக்கும். இதன் சிறப்பு, நிதி பழைய ஆய்வுகூடத்தில் தங்கிவிடாமல் ஆய்வாளருடனேயே புதிய இடத்துக்குச் செல்வதாகும்.

வளர்ந்துவரும் நாடுகளின் ஆய்வாளர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் பயின்று திரும்பினால் உபகரணமும் இல்லை, நிதியும் இல்லை. 1961இல் நிறுவப்பட்ட சர்வதேச மூளை ஆராய்ச்சி அமைப்பு, இவ்வாறு தாயகம் திரும்பி ஆய்வைத் தொடங்குவோருக்கு நிதியுதவி வழங்கியிருக்கிறது.

புலமைப்பரிசில் என்றால் பட்டத்துடன் முடிவது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு விஞ்ஞானிக்குக் கை கொடுக்க வேண்டிய காலம் பட்டத்தின் பின்னரே ஆரம்பமாகிறது. பணம் மட்டும் கொடுத்தால் அவர் திசை தெரியாமல் நிற்பார். அறிவுரை மட்டும் கொடுத்தால் வழி தெரிந்தும் நடக்க முடியாமல் நிற்பார். இரண்டும் ஒருசேரக் கிடைக்க வேண்டும்.