வேண்டாம் என்பவர் தனியாள் இல்லை

டியூஷன் முடிந்து இரவு ஏழரை மணி. சேலையூர் கேம்ப் ரோடு பக்கமோ பெருங்களத்தூர் ஸ்டேஷன் பக்கமோ ஏதோ ஒரு சந்து. நான்கைந்து பிளஸ் ஒன் பையன்கள் நிற்கிறார்கள். ஒருவன் கூல் லிப் புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுகிறான். "ஒரே ஒரு தடவை வெச்சுப் பாருடா மச்சான்." வேண்டாம் என்பவனுக்குப் பதில் தயாராக இருக்கிறது: "வந்துட்டாருப்பா பாஸ்டர்!" எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அரை நிமிடம்கூட நீடிக்காது. ஆனால் பதினாறு வயதில் அந்த அரை நிமிடத்தைத் தாங்குவது மிகக் கடினம். பெரியவர்களான நாம் அதை மறந்துவிடுகிறோம்.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் இங்கே இடம்பெயர்ந்த நாளிலிருந்தே தாம்பரம் மாணவர் ஊர். இன்றைக்கு வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள், விடுதிகள், வாடகை அறைகள். நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வரும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் ஞாயிறு காலை ஆராதனையில் உட்காருகிறார்கள்; இரவு அறைக்குத் திரும்பினால் வேறொரு சபை. குடி, கஞ்சா, வலி மாத்திரை, பைக் ரேஸ், ஜூனியரை மிரட்டுவது என ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு நுழைவுத் தேர்வு நடக்கிறது.

இதற்குச் சபையில் நாம் சொல்லும் ஆலோசனை ஒன்றுதான்: ஜெபம் பண்ணு, தைரியம் வரும். நான் அதை நம்புகிறவன். ஆனால் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். தனியாக நின்று எதிர்க்கிறவனே விசுவாச வீரன் என்ற படத்தைப் பிள்ளையின் மனதில் வரைந்துவிடுகிறோம். வேதாகமம் வரையும் படம் அதுவல்ல.

தானியேலின் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பாபிலோன் அரண்மனைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களுக்கு ராஜாவின் உணவும் திராட்சரசமும் கட்டளையாகவே வருகிறது. தானியேல் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போடவில்லை. முதலில் மனதில் தீர்மானிக்கிறார். பிறகு பிரதானியிடம் போய் அனுமதி கேட்கிறார். பிரதானிக்குப் பிரியம் இருக்கிறது, ஆனால் ராஜாவுக்குப் பயம். காரியம் நடக்கவில்லை. தானியேல் அதோடு விடவில்லை. அடுத்த பொறுப்பில் இருந்த விசாரிப்புக்காரனிடம் போகிறார். பத்து நாள் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழியையும் வைக்கிறார். கூடவே அனனியா, மீஷாவேல், அசரியா என்று மூன்று நண்பர்கள். முன்கூட்டியே எடுத்த தீர்மானம், அதிகாரியிடம் முறையீடு, முதல் அதிகாரி பயந்தால் அடுத்தவர், நடைமுறைக்கு ஒத்த மாற்று, துணைக்கு ஆட்கள். தைரியம் என்று அந்த அதிகாரம் காட்டுவது இத்தனையையும் சேர்த்துத்தான்.

துணைக்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை 1950-களில் அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் அளந்தே காட்டினார். எந்தக் கோடு நீளம் என்று சொல்லும் எளிய சோதனை அது. அறையில் மற்ற எல்லோரும், ஏற்கெனவே பேசிவைத்தபடி, தப்பான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் அளித்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகவே போனது. அதே அறையில் சரியான பதிலைச் சொல்லும் ஒரே ஒரு துணை இருந்தபோது, அந்தத் தவறு நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள், தனியாக இருந்தபோது எடுத்ததைவிட நண்பர்கள் பார்க்கும்போது மிக அதிக ஆபத்து எடுத்தார்கள். நம் பிள்ளை கெட்டுப்போனதால் தடுமாறுவதில்லை. அந்த வயதின் இயல்பு அப்படி.

பேதுருவையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். தோட்டத்தில் பட்டயத்தை உருவியவர், சில மணி நேரத்தில் நெருப்பண்டை குளிர்காய்ந்த கூட்டத்தின் நடுவே ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குத் தன் ஆண்டவரையே தெரியாது என்றார். பட்டயத்துக்கு எதிரே நின்றவரை ஒரு கேள்வி சாய்த்துவிட்டது. அவரைத்தான் பிறகு சபையின் தலைவராக்கினார் இயேசு. ஒருமுறை விழுந்த பிள்ளையிடம் இந்தக் கதையை நாம் ஏன் சொல்வதில்லை?

இனி சட்டம். வேண்டாம் என்று சொன்ன ஒருவருக்காகவே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1996 நவம்பர் 6. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி விடுதி. முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். சீனியர் ஒருவரின் இழிவான கட்டளைக்குப் பணிய மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். அவர் உடலின் ஒரு பகுதி மறுநாள் 21ஜி தடப் பேருந்தில், மந்தைவெளியில் கிடைத்தது. கடலூர் அமர்வு நீதிமன்றம் அந்தச் சீனியருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001-இல் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது.

அந்த மரணத்தைத் தொடர்ந்து வந்ததே 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம். ராகிங் செய்தாலோ அதில் பங்கெடுத்தாலோ அதற்குத் துணைபோனாலோ 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். வேறு எங்கும் சேரவும் முடியாது. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் கண்டுகொள்ளாமல் இருந்தால் அவரும் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள், குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும் ராகிங் என்றால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் முதல் தகவல் அறிக்கைக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. இலவச உதவி எண் 1800-180-5522 எந்நேரமும் இயங்குகிறது. கல்லூரி முதல்வர் தயங்குகிறாரா? அந்த எண்ணும் காவல் நிலையமும் அடுத்த கதவுகள். தாம்பரத்துக்கு 2022 ஜனவரி முதல் தனி மாநகரக் காவல் ஆணையரகமே இருக்கிறது.

"நான் அடிக்கலை, சும்மா கூட நின்னேன்" என்று சொல்லும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சட்டவிரோத நோக்கத்தோடு கூடி, அந்த நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், அறிந்தே அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரும் அக்குற்றத்துக்குப் பொறுப்பு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு. மின்சார ரயிலில் கல்லூரி பெயரைச் சொல்லிக் கத்தி எடுக்கும் கும்பலோடு 'ரூட்டு தல', அதாவது அந்த வழித்தட மாணவர்களின் தலைவன், அழைத்தான் என்று ஏறுகிற பையன் இதைத் தெரிந்துதான் ஏற வேண்டும். உயர் நீதிமன்றம் தடை விதித்த 'பஸ் டே'யை 2019 ஜூனிலும் கொண்டாடப் போய், பேருந்தின் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. வண்டலூர் வெளிவட்டச் சாலையில் 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

போதை விஷயத்தில் சட்டத்துக்கு இரண்டு முகம். சிறுவரின் கையில் மதுவையோ போதைப்பொருளையோ கொடுப்பவருக்கு, இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிள்ளையைப் பொட்டலம் சுமக்கவோ விற்கவோ வைத்தால் 78-ஆம் பிரிவில் அதே தண்டனை. பள்ளி, கல்லூரியைச் சுற்றி 100 கெஜ தூரத்துக்குள் புகையிலைப் பொருள் எதையும் விற்கக் கூடாது. மறுபக்கம், ஒரு கிலோ வரையிலான கஞ்சா சட்டத்தின் கணக்கில் 'சிறிய அளவு'தான். ஆனால் அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. "ரூம்ல யாருதுன்னே தெரியாது சார்" என்ற பதில் பலருக்குக் கைகொடுப்பதில்லை. ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. போதைக்கு அடிமையாகி, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு, பயன்படுத்தியது அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கிலிருந்து போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு அளிக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சை உண்டு. அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இதையே செய்துவருகிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446.

மனசாட்சிக்காகக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் உரிமை எவ்வளவு தூரம் செல்லும்? கேரளத்தின் கிடங்கூரில் மூன்று பிள்ளைகள் அதற்கு விடை வாங்கித் தந்தார்கள். பிஜோ, பினு, பிந்து. யெகோவாவின் சாட்சிகள் குடும்பம். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். தங்கள் விசுவாசத்தின்படி வாய் திறந்து பாடமாட்டார்கள். 1985 ஜூலையில் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பிள்ளைகளை மறுபடி சேர்க்கச் சொன்னது. பேச்சுரிமையில் மௌனமாக இருக்கும் உரிமையும் அடங்கும், 25-ஆம் கூறு தரும் மனசாட்சிச் சுதந்திரம் சிறுவருக்கும் உண்டு என்பது அதன் சாரம். அவர்களின் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பள்ளி முழுதும் பாடும்போது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அமைதியாக நின்றாளே, அந்த நிற்றலை நான் மதிக்கிறேன்.

இந்த உரிமை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நோன்பு இருக்கும் முஸ்லிம் மாணவிக்கும், மாலை போட்டிருக்கும் ஐயப்ப பக்தருக்கும், கடவுளே இல்லை என்பவருக்கும் அதே அளவு உண்டு. கிறிஸ்தவப் பள்ளியிலும் விடுதியிலும்கூட, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்றிருந்தால், மாணவரின் சம்மதம் இல்லாமல், சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், ஜெபத்தில் உட்காரச் சொல்ல முடியாது. 28-ஆம் கூறு அதைத் தடுக்கிறது. நமக்குக் கேட்கிற உரிமையை நாம் பிறருக்கும் கொடுத்தாக வேண்டும்.

சபைக்குள்ளேயும் அழுத்தம் உண்டு. வாலிபர் கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தும்போது தானும் உயர்த்துகிற பிள்ளை, கேம்பில் எல்லோரும் அழும்போது தானும் அழுகிற பிள்ளை, வெளியில் எல்லோரும் குடிக்கும்போதும் அதையே செய்யக் கற்றுக்கொள்கிறது. நம் ரயில் பாதையிலேயே பரங்கிமலை இருக்கிறது. அப்போஸ்தலர் தோமா அங்கே ஈட்டியால் குத்துண்டு மரித்தார் என்பது பாரம்பரியம். உடனிருந்த பத்துப் பேரும் கண்டோம் என்று சொன்னபோதும், நான் காணாமல் நம்பமாட்டேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர். சந்தேகக்காரர் என்று அவரை இத்தனை காலம் குறை சொல்லிவிட்டோம். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதற்காகத் தலையாட்டாத அவரை இயேசு தள்ளவில்லை, தேடி வந்து காயத்தைக் காட்டினார். ஞாயிறு பள்ளியில் கேள்வி கேட்கிற பிள்ளையை வாயடைத்தால், சந்தில் மறுத்துப் பேசும் நாக்கையும் சேர்த்தே அடைக்கிறோம்.

சபைத் தலைவரோ மூத்தவரோ தகாத முறையில் தொட்டால், "இதை யாரிடமும் சொல்லாதே" என்றால், அங்கேயும் பிள்ளை மறுக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அது தெரியவந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். சபையின் பெயரைக் காப்பாற்றுவது அதற்குச் சாக்கு ஆகாது.

வீட்டில் என்ன செய்யலாம்? பிள்ளை ஒருநாள் வந்து சொல்கிறது: "அம்மா, பசங்க கட்டாயப்படுத்துறாங்க." அல்லது: "அப்பா, ஒரு தடவை எடுத்துட்டேன்." அன்று இரவு வசனம் வேண்டாம், அடி வேண்டாம், மற்ற பையனின் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போடவும் வேண்டாம். முழுவதும் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, இடம், பெயர் எழுதிக்கொள்ளுங்கள். பள்ளி என்றால் 14417, 18 வயதுக்குக் கீழ் எந்தத் தொல்லைக்கும் 1098, மனம் உடைந்திருந்தால் 14416. பிறகு, அதே வகுப்பில் அல்லது அதே விடுதியில் உங்கள் பிள்ளையோடு சேர்ந்து வேண்டாம் என்று சொல்லக்கூடிய இன்னொரு பிள்ளை யார் என்று கேளுங்கள். அவன் எந்த மதத்தவனாகவும் இருக்கலாம். அந்த வாரமே அவனைச் சாப்பிட வீட்டுக்கு அழையுங்கள்.