ஒரு கூரையின் கீழ் மூன்று தலைமுறை

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறி, ஆசனூர் வழியாக வடக்கே செல்வோர் கருநாடகத்தின் தென்கோடியிலுள்ள சாமராஜநகரை அடைவர். முன்னாளில் அரிகொத்தாரா என வழங்கிய இவ்வூர், மைசூர் மன்னர் சாமராஜ உடையார் பிறந்த இடமாகும். அவருடைய புதல்வர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தையின் நினைவாக இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நெடுங்காலம் மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 1997 ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. தந்தையின் நினைவை மகன் பேணிய இப்பகுதியின் கிராமங்களில், பாட்டனும் மகனும் பேரனும் ஒருங்கே வாழ்வதற்கென அமைந்த ஒரு வீட்டு வகையை இன்றும் காணலாம். அதற்குத் தொட்டி மனை என்று பெயர்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 2011 ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 10.4 கோடியினர். 2050 ஆம் ஆண்டளவில் நம் மக்களில் ஐவருள் ஒருவர் இவ்வயதினராக இருப்பர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே, இன்று நாம் கட்டும் வீடுகள், அவற்றைக் கட்டுவோர் முதுமையடையும் காலத்திலும் அவர்களுக்குப் பயன்பட வேண்டியவை. இதனை எண்ணாமல் வீடு கட்டுவது, வளரும் பிள்ளைக்கு அளவு பாராமல் சட்டை தைப்பதைப் போன்றதே.

தொட்டி மனையின் அமைப்பு

தொட்டி என்பது வீட்டின் நடுவே வானம் நோக்கித் திறந்திருக்கும் முற்றம். நாற்புறமும் ஓட்டுக் கூரை உட்புறமாகச் சரிந்து, மழைநீரை முற்றத்தில் இறக்கும். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும், தாழ்வாரத்தை ஒட்டி அறைகளும் அமையும். தெருவை நோக்கி ஜகலி இருக்கும். நாம் திண்ணை என்பது இதனையே. கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டு வீடும் இவ்வகையைச் சேர்ந்ததே.

முற்றத்தின் வழியாக வெப்பக் காற்று மேலெழுந்து வெளியேறும். இரவில் குளிர்ந்த காற்று கீழிறங்கித் தங்கும். கனத்த மண் சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல ஏற்று, மெல்ல வெளியிடும். இது யாவரும் அறிந்த பயன். நாம் இங்குக் கருதத்தக்கது மற்றொன்று. தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் கண்ணுக்கு அடுக்களையும், தொட்டிலும், வாயிலும் ஒருங்கே தெரியும். ஒருவரையும் அழைக்காமலே அவர் இல்லத்தின் நடுவில் இருக்கிறார். ஓடியாடும் குழந்தையும் அவர் பார்வையிலேயே விளையாடுகிறது. அதே வேளையில், ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். பார்வையால் இணைந்தும் கதவால் பிரிந்தும் வாழ இவ்வமைப்பு இடந்தருகிறது. மூத்தோரும் இளையோரும் விரும்பும் வீட்டிற்கு இவ்விரண்டும் வேண்டும். ஒன்று குறையின் மூத்தோர் தனிமையுறுவர். மற்றொன்று குறையின் இளையோர் வேறு வீடு தேடுவர்.

பழைமையின் குறைகள்

எனினும் பழைய வீட்டை அப்படியே போற்றுதல் தகாது. அதன் அறைகள் பல இருண்டவை. நிலைகள் தாழ்ந்தவை, வாயிற்படிகள் உயர்ந்தவை. கழிப்பிடம் வீட்டிற்கு வெளியே தொலைவில் இருந்தது. மாடுகளும் பல வீடுகளில் உள்ளேயே கட்டப்பட்டன. அடுப்புப் புகை முழுவதையும் பெண்களே ஏற்றனர். ஜகலியில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்பதைச் சாதி வரையறுத்தது. மருமகளுக்குத் தனியிடம் வேண்டும் என்பதை எவரும் எண்ணவில்லை. சொத்துப் பிரிவினையின்போது முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிய குடும்பங்களும் உண்டு. அப்போது இரு பகுதிக்கும் காற்றும் ஒளியும் குன்றின. ஆகவே, நாம் கொள்ளத்தக்கது அவ்வீட்டின் கருத்தே. அதன் குறைகள் அல்ல.

முதுமையும் வீடும்

முதியோர் வீட்டில் தடுக்கி விழுவதற்கு அவர்களுடைய கவனக்குறைவே காரணம் என்று சொல்லிவிடுகிறோம். விஞ்ஞானம் கூறுவது வேறு. இருபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை எட்டுகிறது. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் வரும்போது கண் பழகுவதற்கும் அதிக நேரம் பிடிக்கும். தசைகள் வலிமை குன்றுவதால், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது கடினமாகிறது. இரவில் சிறுநீர் கழிக்கப் பன்முறை எழ நேர்கிறது. இருட்டு, உயர்ந்த வாயிற்படி, ஈரத்தரை ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இடுப்பெலும்பு முறிகிறது. அதன் பின்னர் முன்போல் நடமாட இயலாமற் போவோர் பலர்.

இதனைத் தடுக்கும் வழிகள் எளியவை. வாயில்கள் 90 செ.மீ. அகலம் இருத்தல் நன்று. உயர்ந்த வாயிற்படியை நீக்கித் தரையைச் சமமாக்க வேண்டும். படி ஒன்றின் உயரம் 15 செ.மீ. அளவிலும், கால் வைக்கும் பரப்பு 30 செ.மீ. அளவிலும் இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து 80 முதல் 90 செ.மீ. உயரத்தில் அமையலாம். சாய்தளத்தில் ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். 45 செ.மீ. உயரமுள்ள தளத்திற்கு 5.4 மீட்டர் நீளம் தேவைப்படும் என்பதால், சிறு மனைகளில் அதனை வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி அமைப்பதே வசதி. கழிப்பறைக் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறம் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

இவை முதியோருக்கு மட்டும் செய்யும் சலுகைகள் அல்ல. கருவுற்ற பெண்ணும், நடை பழகும் குழந்தையும், நெல் மூட்டையைச் சுமந்து வரும் இளைஞனும் இவற்றால் பயனடைவர். 45 செ.மீ. உயரத் திண்ணை, முதியவர் சிரமமின்றி அமர்ந்தெழ ஏற்றது. பள்ளிச் சிறுவன் தானே ஏறி அமரவும் ஏற்றது.

சிறு மனையில் செய்யத்தக்கது

தொட்டி மனை நிலமுடையோரின் வீடு; ஏழைக்கு இது எட்டுமா என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரியின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்த அளவு, சமையலிடம் உட்பட, 25 சதுர மீட்டர். இச்சிறு பரப்பிலும் மேற்கூறிய கருத்தைக் கையாள இயலும். முன்னே திண்ணை, அதை ஒட்டி மூத்தோர் படுக்குமிடம், அங்கிருந்து சில அடிகளில் கழிப்பறை, சமையலிடத்திலிருந்து திண்ணையைக் காணுமாறு ஒரு சன்னல், இளையோர்க்குக் கதவுள்ள ஓர் அறை. பின்னர் அறை சேர்க்க நேரின், மனை முழுவதையும் மூடிவிடாமல், பழைய கட்டிற்கும் புதிய கட்டிற்கும் இடையே சிறு முற்றம் விட வேண்டும்.

செலவைக் குறைக்கவும் வழியுண்டு. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அஸ்திரா என்னும் பிரிவு, மண்ணுடன் சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திச் செய்யும் கட்டிகளையும், புகையைக் குழாய்வழி வெளியேற்றும் விறகடுப்பையும் ஊரகத்திற்கென உருவாக்கியது. அக்கட்டிகளுக்குச் சூளை வேண்டுவதில்லை.

வீட்டிற்கு வெளியே

வீடு மட்டும் போதாது. ஊரும் இடந்தர வேண்டும். சிங்கப்பூரில் 2017 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி என்னும் அடுக்குக் கட்டடத்தில், முதியோர் குடியிருப்பும், மருத்துவ நிலையமும், உணவுக்கடைகளும், குழந்தைக் காப்பகமும், மாடித் தோட்டமும் ஒரே வளாகத்தில் உள்ளன. கம்போங் என்பது மலாய் மொழியில் கிராமத்தைக் குறிக்கும் சொல். மாநகரம் தான் இழந்ததைப் பொருள் செலவிட்டு மீட்க முயல்கிறது. நம் கிராமங்களிலோ அரசமரத்து மேடை இன்னும் இருக்கிறது. அதன் அருகே அங்கன்வாடியும் நூலகமும் அமைந்து, அங்குச் செல்லும் பாதை சமமாகவும், இரவில் விளக்குடனும் இருக்குமாயின், ஊரின் முற்றம் அதுவே ஆகும். ஆனால், அம்மேடை எல்லோருக்கும் உரியதாக இருத்தல் வேண்டும்.

ஊழியரும் ஆசிரியரும்

கள ஊழியர், வீட்டு வரைபடத்திற்கு ஒப்புதல் பெறுமுன் மூத்தோர் எங்கே படுப்பர், இரவில் எவ்வழி எழுந்து செல்வர் என்ற இரு வினாக்களைக் குடும்பத்தாரிடம் கேட்பாராக. வீட்டு மருமகளையும் தனியே கேட்பது நன்று. ஆசிரியர், மாணவரிடம் அளவு நாடாவைத் தந்து, தத்தம் வீட்டின் படிகளையும் வாயில்களையும் அளந்து வரச் சொல்லலாம். சாய்தளக் கணக்கு விகிதம் கற்பிக்க ஏற்ற பயிற்சியாகும். தன் பாட்டி நாள்தோறும் ஏறி இறங்கும் படியின் உயரத்தைத் தானே அளந்தறிந்த சிறுவன், பின்னாளில் தான் கட்டும் வீட்டில் அப்படியை உயரமாக வைக்கமாட்டான்.