அகில இந்தியக் கட்டுநர் சங்கம்

அகில இந்தியக் கட்டுநர் சங்கம் இந்தியாவின் கட்டுமான ஒப்பந்தக்காரர்களுக்கான கூட்டமைப்பு ஆகும். பில்டர்ஸ் அசோசியேசன் ஆப் இந்தியா என்பது இதன் ஆங்கிலப் பெயர். படைத்துறைப் பொறியியல் பணிகளை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர்கள் 1941 இல் பூனாவில் இதனைத் தொடங்கினர். இது தொழிலாளர் சங்கம் அன்று. ஒப்பந்தம் எடுத்து வேலையை முடித்துக் கொடுப்போரின் சங்கம். வரி, பொருள் விலை, நிலுவைத் தொகை ஆகிய மூன்றும் இதன் கோரிக்கைகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவன.

இதற்குக் காரணம் ஒப்பந்த முறையிலேயே உள்ளது. ஒப்பந்தக்காரர் வேலை தொடங்கும் முன்னரே விலை கூறிவிடுகிறார். சிமெண்டு, கம்பி, கூலி, வரி ஆகியன அதன் பின்னரே மாறுகின்றன. நடுவண் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல், ஒப்பந்தக்காரரின் இலாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து 15 விழுக்காடு மட்டுமே கணக்கிடுகிறது. ஆகவே சில விழுக்காட்டு மாற்றமே இலாபத்தைக் கரைத்துவிடப் போதுமானது.

விற்பனை வரி வழக்குகள்

கட்டடம் கட்டிக் கொடுப்பது பொருளை விற்பதாகுமா என்னும் கேள்வி சென்னை மாகாணத்தில் எழுந்தது. 1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் 1947 இல் திருத்தப்பட்டு, பணி ஒப்பந்தங்களும் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. ஒப்பந்தத் தொகையில் கூலிக்கென ஒரு பங்கைக் கழித்துவிட்டு, எஞ்சியதைப் பொருள் விற்பனையாகக் கொள்வது அதன் முறை. கானன் டங்கர்லி நிறுவனம் இதனை எதிர்த்தது. கட்டட ஒப்பந்தம் பிரிக்க இயலாத ஒரே ஒப்பந்தம் என்றும், அதில் செங்கல்லோ மரமோ தனியே விற்கப்படுவதில்லை என்றும் 1958 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் கருநாடக இசை அறிஞராகவும் அறியப்பட்ட நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர்.

பொருளையும் உழைப்பையும் பிரிப்பதன் சிக்கலை விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டைக் கொண்டு விளக்கலாம். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் அங்குக் குடைவித்த கோயில், செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி ஆக்கப்பட்டது என அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. பாறை அங்கேயே இருந்தது. சேர்ந்தது உழைப்பு மட்டுமே. அத்தகைய பணியில் விற்பனை வரி விதிக்கப் பொருள் ஏதும் இராது. ஆனால் இன்றைய கட்டடத்தில் இரண்டும் கலந்தே உள்ளன.

1958 தீர்ப்பால் மாநிலங்கள் வருவாய் இழந்தன. அதனை ஈடுசெய்ய அரசியலமைப்பின் 46 ஆவது திருத்தம் 1983 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. பணி ஒப்பந்தத்தில் கைமாறும் பொருளும் விற்பனையாகவே கருதப்படும் என்றது அத்திருத்தம். கட்டுநர் சங்கம் தொடுத்த வழக்கில் 1989 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று அறிவித்தது. சங்கம் தோற்றது போலத் தோன்றினும், ஏனைய விற்பனைகளுக்குரிய அரசியலமைப்புக் கட்டுப்பாடுகள் இவ்வரிக்கும் பொருந்தும் என்ற முடிவு அதற்குக் கிடைத்த பெரும் பயன். 1992 நவம்பரில் வந்த மற்றொரு கானன் டங்கர்லி தீர்ப்பு, கூலி, இயந்திர வாடகை, உழைப்பு சார்ந்த இலாபம் முதலியவற்றைக் கழித்த பின்னரே வரி கணக்கிட வேண்டும் என்றது.

சரக்கு மற்றும் சேவை வரி

2017 சூலை 1 முதல் பணி ஒப்பந்தம் முழுவதும் சேவையாகக் கொள்ளப்படுகிறது. பழைய வழக்கு அத்துடன் ஓய்ந்தது. விகிதம் பற்றிய வழக்கு தொடர்ந்தது. அரசுக்கான பல கட்டுமானப் பணிகளுக்கு 12 விழுக்காடாக இருந்த வரி, 2022 சூலை 18 முதல் 18 ஆயிற்று. வரி உட்பட 112 இலட்சம் ரூபாய்க்கு எடுத்த வேலையில் ஒப்பந்தக்காரருக்கு முன்பு 100 இலட்சம் எஞ்சும். புதிய விகிதத்தில் ஏறத்தாழ 95 இலட்சமே எஞ்சும். வேறுபாட்டைத் துறை ஈடுசெய்யும் என்று ஒப்பந்தத்தில் விதி இல்லையெனில் இழப்பு அவருடையதே. சிமெண்டு மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

சிமெண்டு விலை முறையீடு

சிமெண்டு நிறுவனங்கள் கூடிப் பேசி விலையை உயர்த்துகின்றன என்று 2010 இல் சங்கம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. 2012 சூனில் ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் தண்டம் விதித்தது. வழக்கைக் கேளாத தலைவர் ஆணையில் ஒப்பமிட்டார் என்ற நடைமுறைக் குறையால் 2015 இல் தீர்ப்பாயம் அதனை நீக்கியது. மறுவிசாரணைக்குப் பின் 2016 ஆகத்து 31 அன்று ஆணையம் மீண்டும் தண்டம் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018 சூலையில் அதனை உறுதி செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், 10 விழுக்காட்டை வைப்பாகச் செலுத்தும் நிபந்தனையுடன் உச்ச நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது.

நிலுவைத் தொகை

முடிந்த வேலை அளவீட்டுப் புத்தகத்தில் பதிவாகி, பில் தயாராகி, நிதி ஒதுக்கீடு வந்த பின்னரே அரசுப் பணிகளில் பணம் கிடைக்கும். இதற்கிடையே கடனுக்கு வட்டி ஏறுகிறது. நடுவர் தீர்ப்பைத் துறைகள் மேல்முறையீடு செய்தாலும், வங்கி உறுதிப் பத்திரத்தின் பேரில் 75 விழுக்காட்டைத் தரலாம் என நடுவண் அமைச்சரவைக் குழு 2016 ஆகத்தில் முடிவெடுத்தது. 2021 அக்டோபரில் நடுவண் நிதி அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல், பில்லின் 75 விழுக்காட்டைப் 10 வேலை நாட்களுக்குள்ளும் எஞ்சியதை 28 வேலை நாட்களுக்குள்ளும் வழங்கக் கூறுகிறது.

பிரித்தானியா 1996 இலும், சிங்கப்பூர் 2004 இலும், மலேசியா 2012 இலும் கட்டுமானத் தொகை வழங்கலுக்கெனச் சட்டம் இயற்றின. அச்சட்டங்கள் உள் ஒப்பந்தக்காரரையும் காக்கின்றன. இந்தியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. 2021 அறிவுறுத்தலும் அரசுத் துறைக்கும் முதன்மை ஒப்பந்தக்காரருக்கும் இடைப்பட்டதே. அவரிடம் வேலை எடுக்கும் மேத்திரியும், மேத்திரியிடம் கூலி பெறும் கொத்தனாரும் சித்தாளும் அதன் வரம்புக்கு வெளியே உள்ளனர்.