பழைய பிக்கப் டிரக்கை வீட்டிலேயே எலெக்ட்ரிக் வண்டியாக மாற்ற முடியுமா?

இன்ஜின் போயாச்சு, ஆனால் பாடி இன்னும் கல் மாதிரி இருக்கிறது. இப்படிப்பட்ட பழைய பிக்கப்பை என்ன செய்யலாம்? அமெரிக்காவில் சிலர் அதை வீட்டு ஷெட்டிலேயே எலெக்ட்ரிக் வண்டியாக மாற்றி ஓட்டுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ‘நாமும் செய்தால் என்ன?’ என்று யோசிக்கிறீர்களா? எது சுலபம், எது சிக்கல் என்று பார்ப்போம்.

ஏன் பிக்கப்?

பிக்கப்பில் வலுவான ஃபிரேம் உண்டு. லோடு பாடிக்கு அடியில் பேட்டரி வைக்க இடமும் உண்டு. ஷெவர்லே எஸ்-10, ஃபோர்டு ரேஞ்சர் போன்ற சிறிய பிக்கப்களுக்கு மவுசு இதனால்தான். 1997-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே எஸ்-10-ல் எலெக்ட்ரிக் மாடல் கொண்டுவந்தது. 2021-ல் ஃபோர்டு தன் எலெக்ட்ரிக் மோட்டாரை 3,900 டாலருக்குத் தனியாக விற்றது. ஆனால், அந்த விலையில் பேட்டரியும் கிடையாது, இன்வெர்ட்டரும் கிடையாது.

எதைக் கழற்றி எதை மாட்டுவது?

இன்ஜின், ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எல்லாம் வெளியே போய்விடும். கியர்பாக்ஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதையும் மோட்டாரையும் இணைக்க ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். அது துளி விலகினாலும் பேரிங் காலி. எனவே, இது நல்ல லேத் பட்டறையில் செய்ய வேண்டிய வேலை.

பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் தந்ததும் இன்ஜின்தான். தனியாக வேக்கம் பம்ப் வைக்காவிட்டால், பிரேக்கை மிதிக்கவே கஷ்டப்பட வேண்டும். ஹெட்லைட், ஹாரனுக்கு 12 வோல்ட் தர, ஆல்டர்னேட்டருக்குப் பதிலாக டிசி-டிசி கன்வெர்ட்டர் தேவை.

பேட்டரிதான் பெரிய கணக்கு

முன்பு கோல்ஃப் வண்டிகளில் வரும் 6 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரிகளைப் போட்டார்கள். ஒன்று சுமார் 28 கிலோ. 24 பேட்டரி என்றால் 670 கிலோ! சரக்கு ஏற்ற வேண்டிய வண்டி, தன் பேட்டரியையே சுமந்து திரிந்தது.

இப்போது பலர் தேடுவது, விபத்தில் சிக்கிய எலெக்ட்ரிக் கார்களின் லித்தியம் பேட்டரியை. நிஸான் லீஃப் முதல் மாடலின் பேட்டரி 24 கிலோவாட் ஹவர். எடை சுமார் 300 கிலோ. பிக்கப் ஒரு கி.மீ.க்கு 250 வாட் ஹவர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 96 கி.மீ. போகலாம். ஆனால், பழைய பேட்டரியில் 70% திறன்தான் மிச்சம் என்றால் 67 கி.மீ.தான். விலையைப் பேசும் முன் பேட்டரியின் ஹெல்த்தைப் பாருங்கள்.

ஆபத்து எங்கே?

அந்த பேட்டரியில் இருப்பது சுமார் 360 வோல்ட் டிசி. வண்டியை ஆஃப் செய்தாலும் பேட்டரிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தவறித் தொட்டால் உயிரே போகலாம். சரியான ஃபியூஸ், கான்டாக்டர், ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் பிஎம்எஸ், இன்சுலேட்டட் கையுறை எதையும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட முடியாது.

நம்ம ஊரில் செய்யலாமா?

வீட்டில் நாமே மாற்றிவிட்டு ரோட்டில் ஓட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஏஐஎஸ்-123 விதிப்படி சோதித்து அங்கீகரிக்கப்பட்ட கிட்டை, அனுமதி பெற்ற மையத்தில் பொருத்தி, ஆர்டிஓவில் ஆர்சியை மாற்றுவதுதான் வழி. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்லியாக வேண்டும். மாற்றிய விஷயத்தை மறைத்தால், விபத்து நடக்கும்போது க்ளெய்ம் சிக்கலாகிவிடும்.

ஆகவே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் உங்கள் மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் இருக்கிறதா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். இல்லை என்றால், இன்ஜினைக் கழற்ற வேண்டாம்.