தேவர்களைக் கொன்றவன் தகப்பனானான்!

கிரேக்க நாட்டுக் கடலோரம். செங்குத்தான பாறை உச்சியில் ஒருவன் நிற்கிறான். மொட்டைத் தலை. சுடுகாட்டுச் சாம்பலை அள்ளிப் பூசியது போல் வெளுத்த உடம்பு. முகத்திலும் தோளிலும் ரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. தேவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு அப்படியே கடலை நோக்கிச் சாய்கிறான்.

முதல் காட்சியிலேயே கதாநாயகன் உயிரை விடத் துணிகிறான்! 2005-ம் ஆண்டு வெளிவந்த ‘காட் ஆஃப் வார்’, அதாவது ‘போர்த் தெய்வம்’ என்ற வீடியோ விளையாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. சோனி கம்பெனிக்குச் சொந்தமான, கலிபோர்னியாவில் உள்ள சாண்டா மோனிகா ஸ்டுடியோ இதைத் தயாரித்தது. இயக்கியவர் டேவிட் ஜாஃபி. அன்றிலிருந்து 2022 வரை பெரிதும் சிறிதுமாக ஒன்பது ஆட்டங்கள் இந்த வரிசையில் வந்துவிட்டன.

வெட்டு, குத்து, ரத்தம்! இதில் என்ன இருக்கிறது என்று பலர் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதிலும் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் இந்த வரிசையின் பெரிய ஆட்டங்களுக்கு 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்றுதான் தரச்சான்று. வீட்டில் சிறுபிள்ளை இதை ஆடிக்கொண்டிருந்தால் பெட்டியை நிறுத்திவிடுவதே சரி.

ஆனால், முதல் ஆட்டத்திலிருந்து கடைசி வரை பொறுமையாக ஆடி முடிக்கும் பெரியவருக்கு வேறொன்று தென்படும். ஒரு மனிதனுடைய கை என்னவெல்லாம் செய்தது, பிறகு அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் எப்படி வாழ்ந்தான் என்பதே இதன் முழுக் கதை. அந்தக் கையை அசைத்தது யார் என்றால், பொத்தானை அழுத்திய அதே ஆள்தான்!

ஒட்டிய சாம்பல்

அவன் பெயர் கிரேட்டோஸ். ஸ்பார்ட்டா நாட்டுப் படைத்தலைவன். காட்டுமிராண்டிப் படையிடம் தோற்கும் தறுவாயில், போர்த் தெய்வமாகிய ஏரீஸைக் கூவி அழைத்துத் தன் உயிரையே அடகு வைக்கிறான். தெய்வம் இறங்கி வருகிறது. இரண்டு கத்திகள் கிடைக்கின்றன. கத்திகளின் சங்கிலி பழுக்கக் காய்ந்து அவன் முன்னங்கைகளில் பொசுங்கி ஒட்டிக்கொள்கிறது.

பிறகு ஊர் ஊராக அழிவு. ஒரு கிராமத்துக் கோவிலுக்குள் வெறியோடு புகுந்து கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டுகிறான். வெறி தெளிந்து பார்த்தால், காலடியில் கிடப்பவர்கள் அவன் மனைவியும் சிறு மகள் கல்லியோப்பியும்! ஏரீஸ் செய்த சூது அது. அந்த ஊர்க் குறிகாரியின் சாபத்தால், எரிந்துபோன மனைவி மகளின் சாம்பல் அவன் தோலில் ஒட்டிக்கொண்டது. அந்த வெளுப்பு பூச்சு அல்ல, பழி.

கிரேக்கப் புராணத்தில் கிரேட்டோஸுக்கு இப்படி ஒரு கதை கிடையாது. சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹெசியாட் என்ற கவி, அந்தப் பெயருடைய ஒருவனைச் சொல்கிறார். ‘வலிமை’ என்று பொருள். ஆனால் அவன் ஜீயஸின் பக்கத்தை விட்டு அகலாத சேவகன். எஸ்கிலஸ் பெயரில் வழங்கும் நாடகத்தில் பிரமீதியஸைப் பாறையில் பிணைக்க வைப்பவனும் அவனே. ஆட்டத்தில் வரும் கிரேட்டோஸ் ஜீயஸையே கொல்கிறான்! பெண்டு பிள்ளைகளைக் கொன்ற சங்கதிக்குக் கிரேக்கத்தில் வேறொரு முன்னோடி உண்டு. ஹீரா ஏவிய பித்தத்தால் தன் பிள்ளைகளைக் கொன்ற ஹெர்குலிஸ்தான் அவன்.

சங்கிலிக்கும் ஒரு பழைய சேதி உண்டு. 2-ம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பாசேனியஸ், ஸ்பார்ட்டாவில் போர்த் தெய்வத்தின் சிலை ஒன்று விலங்கிடப்பட்டு இருந்ததாகக் குறித்திருக்கிறார். தெய்வம் ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகவாம்!

வட்டப் பொத்தான்

ஆடுபவரின் கையில் உள்ள கருவியில் நான்கு பொத்தான்கள். முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம். பழைய ஆட்டங்களில் சதுரத்தை அழுத்தினால் இலேசான வெட்டு. முக்கோணத்துக்குப் பலமான வெட்டு. வட்டம் எதிரியைப் பிடிப்பதற்கு. முக்கியமான கட்டங்களில் திரையில் ஒரு குறி பளிச்சிடும். அந்தப் பொத்தானைத் தவறாமல் அழுத்த வேண்டும்.

முதல் ஆட்டத்தின் பெரும்பகுதி பண்டோராவின் கோவிலில் நடக்கிறது. குரோனஸ் என்ற பூதம் பாலைவனத்தில் தவழ்ந்து திரிய, அதன் முதுகில் இருக்கிறது அந்தக் கோவில். என்ன கற்பனை! அங்கே கூண்டுக்குள் ஒரு சிப்பாய், விட்டுவிடும்படி கெஞ்சுகிறான். அவனைக் கூண்டோடு மேட்டில் தள்ளிக்கொண்டு போய்த் தீயில் பலி கொடுத்தால்தான் வழி திறக்கும். வேறு வழியே வைக்கவில்லை. ஆட மாட்டேன் என்று எழுந்து போகலாம். அவனைக் காப்பாற்ற முடியாது.

அதே ஆட்டத்தின் முடிவில், ஏரீஸ் அவனை மாயத்தால் பழைய வீட்டுக்குக் கொண்டுபோகிறான். கிரேட்டோஸ் உருவத்திலேயே நூற்றுக்கணக்கானவர்கள் மனைவி மகளைக் கொல்ல வருகிறார்கள். தன்னையே தான் வெட்டித் தள்ள வேண்டும். நடுநடுவே வட்டத்தை அழுத்தினால் மனைவி மகளை அணைத்துக்கொள்வான். அவன் உயிர்ச்சக்தி அவர்களுக்குப் போகும். எதிரியின் கழுத்தைப் பிடித்த பொத்தான் இங்கே அணைக்கிறது!

2008-ல் கையடக்கப் பெட்டிக்கு வந்த ‘செயின்ஸ் ஆஃப் ஒலிம்பஸ்’ ஆட்டத்தில் இதைவிடக் கொடுமை. இறந்துபோன மகளை மறுவுலகில் சந்திக்கிறான். ஆயுதத்தையும் ஆற்றலையும் விட்டுவிட்டு அவளோடு இருந்துவிட நினைக்கிறான். ஆனால் உலகம் அழியப் போகிறது, அவளும் அழிவாள் என்று தெரிந்ததும் திரும்ப வேண்டியதாகிறது. மகள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். திரையில் வட்டக் குறி. படபடவென்று அழுத்தினால்தான் குழந்தையைத் தள்ளிவிட முடியும். எத்தனையோ அரக்கர்களை வெட்டிய விரல் இந்த இடத்தில் தயங்கும்.

அப்பனைக் கொல்லும் பிள்ளைகள்

2007-ல் வந்த இரண்டாம் ஆட்டத்தை இயக்கியவர் கோரி பார்லாக். கிரேட்டோஸே இப்போது போர்த் தெய்வம். ஜீயஸ் அவனை வஞ்சகமாகக் கொல்கிறார். பூமித்தாய் கேயா மீட்டுக்கொண்டு வருகிறாள். கடைசியில் தெரியவரும் ரகசியம்: ஜீயஸ்தான் அவனைப் பெற்ற தகப்பன்!

இது ஹெசியாட் சொன்ன பழைய பாட்டைதான். வானத் தெய்வத்தை அவன் மகன் குரோனஸ் வீழ்த்தினான். பிள்ளை தன்னையும் வீழ்த்துவான் என்று பயந்த குரோனஸ், பிறந்த குழந்தைகளை எல்லாம் விழுங்கினான். தப்பிய ஜீயஸ் அவனை வீழ்த்தினார். அந்தச் சங்கிலியில் இன்னொரு கண்ணியைக் கோர்த்ததுதான் அமெரிக்கர்கள் செய்த வேலை.

2010-ல் மூன்றாவது. கடல் தெய்வம் பொசைடன் செத்ததும் கடல் பொங்கி ஊர்களை மூழ்கடிக்கிறது. சூரியன் ஹீலியோஸ் செத்ததும் வானம் இருள்கிறது. ஹெர்மிஸ் செத்ததும் கொள்ளைநோய். ஹீரா செத்ததும் பயிர் பச்சை கருகுகிறது. ஒருவனுடைய ஆத்திரத்துக்கு ஊர் உலகம் கூலி கொடுக்கிறது. பொசைடனின் சாவை அவர் கண் வழியாகவே காட்டுகிறார்கள். இரண்டு விசைக்குமிழ்களையும் ஒருசேர அழுத்தினால், கட்டைவிரல்கள் அந்தக் கண்களுக்குள் இறங்கும். ஆடுபவர் தன் முகத்தைத் தானே எதிரில் பார்க்கிறார்.

முடிவில் ஜீயஸ். முகத்தில் குத்து, குத்து என்று வட்டப் பொத்தானை அழுத்த, ரத்தம் தெறித்துத் திரை முழுதும் சிவந்து ஒன்றும் தெரியாமல் போகிறது. ஆனால் ஆட்டம் முடியவில்லை. அழுத்த அழுத்தக் குத்து விழுந்துகொண்டே இருக்கிறது. ஆடுபவராகப் பார்த்து விரலை எடுத்தால்தான் நிற்கும்! யாரும் நிறுத்தச் சொல்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பழைய ஆட்டங்கள் பலவற்றில் படுக்கையறைக் காட்சியைப் பொத்தான் வேடிக்கையாகச் செருகியது அசிங்கம். மூன்றாவதில், கெஞ்சி அழும் ஒரு பெண்ணை இழுத்து வந்து, கதவு மூடாதிருக்க முட்டுக்கட்டையாக வைத்துவிட்டுப் போகிறான். கூண்டுச் சிப்பாயின் சாவு மனத்தை அறுத்தது. இது வெறும் கொடூரமாக நின்றுவிட்டது. 2013-ல் வந்த ‘அசென்ஷன்’ பழைய கோபத்தையே மறுபடி சூடுபண்ணிப் பரிமாறியது. அதைத் தாண்டிப் போனாலும் நஷ்டமில்லை.

ஜீயஸைக் கொன்று காட்டினார்கள்; இன்று அவரைக் கும்பிடுவோர் மிகச் சிலரே, பெரிய சலசலப்பு இல்லை. வழிபாட்டில் உள்ள தெய்வம் என்றால் வேறு கதை. 2009-ல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு ஐதராபாத் நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘அனுமான்: பாய் வாரியர்’ வந்தபோது, தெய்வத்தைப் பொத்தானால் ஆட்டிவைப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்தது. 2020-ல் புனேக் குழு ஒன்று ‘ராஜி’ என்ற ஆட்டத்தில் வேறு வழி கண்டது. அங்கே துர்க்கை துணைக்கு நிற்கிறாள்; ஆடுபவர் கையில் இருப்பதோ, தம்பியைத் தேடிப் போகும் சாதாரணப் பெண்.

சதுரப் பொத்தான்

2018. கோரி பார்லாக் திரும்பி வந்தார். இடைப்பட்ட காலத்தில் அவரே ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தார். அந்த அனுபவம் ஆட்டத்துக்குள் புகுந்ததை அவரே சொல்லியிருக்கிறார்.

இப்போது கிரேக்கம் இல்லை. பனி மூடிய வடதேசம். கிரேட்டோஸுக்குத் தாடி நரைத்துவிட்டது. முன்னங்கைத் தழும்புகளைத் துணி சுற்றி மறைத்திருக்கிறான். கத்திகள் வீட்டுத் தரைக்கு அடியில். கையில் ஒரு கோடாலி. ஆட்டத்தில் ஆடுபவர் செய்யும் முதல் வேலை மரம் வெட்டுவது. இறந்துபோன இரண்டாவது மனைவி ஃபேயின் சிதைக்கு விறகு! தன்னை எரிக்க வேண்டிய மரங்களில் அவளே கை அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அஸ்தியை மிக உயர்ந்த மலைச் சிகரத்தில் தூவ வேண்டும் என்பது அவள் கடைசி ஆசை. அஸ்திப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு தகப்பனும் சிறு மகன் அட்ரேயஸும் புறப்படுகிறார்கள்.

இவனுக்குப் பிள்ளையோடு பேசத் தெரியாது. ‘பையா’ என்ற அதட்டல்தான். பெயர் சொல்வது அபூர்வம். முதல் மான் வேட்டை முடிந்து பையன் கலங்கி உட்கார்ந்திருக்கும்போது, முதுகில் தட்டிக்கொடுக்கக் கை நீள்கிறது. தொடாமலே திரும்பிவிடுகிறது. அந்தக் கை முன்பு ஒரு பிள்ளையைத் தொட்ட கதையை, வரிசையாக ஆடியவர் அறிவார். பையன் அறியான்.

பழைய ஆட்டங்களில் காமிரா எட்ட நின்று வேடிக்கை பார்த்தது. இதில் அவன் தோளுக்குப் பின்னாலேயே நடக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வெட்டுகூட இல்லாத ஒரே காட்சி! பொத்தான்களும் மாறிவிட்டன. வெட்டும் வேலை ஆள்காட்டி விரல் பக்கம் போய்விட்டது. முக்கோணத்தை அழுத்தினால் எறிந்த கோடாலி கைக்குத் திரும்பி வரும். சதுரம்? பதின்மூன்று ஆண்டுகளாக வெட்டிவந்த சதுரப் பொத்தான் இப்போது மகனுக்குக் குரல் கொடுக்கிறது. அழுத்தினால் பையன் அம்பு எய்வான். பழைய பழக்கத்தில் வெட்டுவதற்கென்று சதுரத்தை அழுத்துபவர், தம்மை அறியாமல் பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட்டுவிடுகிறார்!

நடுவில் பையன் நோயில் விழுகிறான். மருந்துக்காகத் தகப்பன் தனியே போக வேண்டும். அந்தப் பயணத்தில் சதுரத்தை அழுத்தினால் அம்பு வராது. புதைத்த கத்திகளைத் தோண்டி எடுப்பதும் அப்போதுதான். பழைய அதீனாவின் உருவம் எதிரில் நின்று, நீ என்றைக்கும் அரக்கனே என்கிறது. அவன் மறுக்கவில்லை. இனி உங்கள் ஏவலுக்கு ஆடுபவன் இல்லை என்று மட்டும் சொல்கிறான்.

எதிரி பால்டர். பிள்ளைக்கு எந்த ஆபத்தும் வரக் கூடாது என்று தாய் ஃபிரேயா செய்த மந்திரத்தால் வலியோ சுவையோ எதுவும் உணராமல் வாழ்பவன். அதற்காகப் பெற்ற தாயையே வெறுக்கிறான். ஐஸ்லாந்தில் 1220-ஐ ஒட்டி ஸ்னோரி ஸ்டர்லூசன் தொகுத்த பழங்கதையில், அவனைக் கொல்ல வல்லது ஒரே ஒரு செடி. அதை எறியச் செய்தவன் லோகி. ஆட்டத்தில் அந்தச் செடி அட்ரேயஸின் அம்பு முனையாக வருகிறது. அட்ரேயஸின் இன்னொரு பெயர் லோகி என்பது கடைசியில்தான் தெரியும்.

மந்திரம் உடைந்த பால்டர் தாயின் கழுத்தை நெரிக்கிறான். கிரேட்டோஸ் அவனைக் கொன்று அவளைக் காப்பாற்றுகிறான். பிள்ளையை இழந்த தாய், நன்றி சொல்லாமல் பழிவாங்குவேன் என்று சபிக்கிறாள். மகன் கேட்கிறான்: தெய்வம் என்றால் இப்படித்தானா? பிள்ளை பெற்றவர்களைக் கொல்வதுதானா? அந்தக் கேள்விக்குச் சற்று முன்புதான் கிரேட்டோஸ் வாய் திறந்திருந்தான். செத்தவர்களில் சாக வேண்டியவர்களும் உண்டு, வேண்டாதவர்களும் உண்டு. தகப்பனைக் கொன்றவன் நான் என்று சொல்லியிருந்தான். பிறகு கைத்துணியை அவிழ்த்துக் காற்றில் விட்டுவிட்டு, மகனோடு சேர்ந்து அஸ்தியைத் தூவுகிறான்.

2022-ல் வந்த ‘ரக்னராக்’ ஆட்டத்தில் பையன் வளர்ந்துவிடுகிறான். தோர், ஓடின் என்று பெரிய போர் எல்லாம் நடக்கிறது. போர் முடிந்ததும், தன் இனத்தவரைத் தேடித் தனியே போக வேண்டும் என்கிறான். தகப்பன் அணைத்து அனுப்பி வைக்கிறான். இந்த முறை கை பாதியில் திரும்பவில்லை.

அதன் பிறகும் செய்து முடிக்க வேண்டிய சில்லறை வேலைகள் ஆட்டத்தில் மிச்சம் இருக்கின்றன. சதுரப் பொத்தானை அழுத்தினால் இன்னும் அம்பு வரும். எய்பவள் ஃபிரேயா, பால்டரைப் பெற்றவள்.