உங்கள் ரசனைக்கு ஒரு பைல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் என்ன செய்வார்கள்? பாட்டு ஏற்றுவார்கள், படம் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்று சாப்ட்வேர் இன்ஜினியர் என்று சொல்லிக் கொண்டாலும், கல்லூரி நாட்களில் நான் செய்த ஒரு தவறை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

நட்சத்திரங்கள் எங்கே போயின?

ஹாஸ்டலில் நான்கு ஆண்டுகள், கேட்ட ஒவ்வொரு பாட்டுக்கும் பிளேயர் புரோகிராமில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வந்தேன். ஒரு நாள் கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று சி டிரைவை பார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவினேன். பாட்டுக்கள் டி டிரைவில் இருந்ததால் தைரியமாக இருந்தேன். பாட்டுக்கள் பத்திரமாகவே இருந்தன. ஆனால் நட்சத்திரம் ஒன்று கூட இல்லை!

காரணம் இதுதான். எம்பி3 பைலுக்குள்ளேயே பாட்டின் பெயர், ஆல்பம், பாடியவர், ஆண்டு போன்றவற்றை எழுதி வைக்க ஐடி3 டேக் என்ற இடம் இருக்கிறது. சில பிளேயர்கள் நாம் தரும் நட்சத்திரத்தையும் அதில் எழுதும். வேறு சில, அதனைத் தங்களுடைய டேட்டாபேஸ் பைலில் தனியாக வைத்துக் கொள்ளும். என் பிளேயர் இரண்டாவது வகை. அந்த டேட்டாபேஸ் இருந்தது சி டிரைவில். பாட்டை வேறு இடத்தில் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். எது எனக்குப் பிடித்தது என்பதை யாரிடம் வாங்குவது?

இணையத்தில் பாட்டு கேட்பவர்களுக்கும் இது பொருந்தும். உங்கள் விருப்பப் பட்டியல் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அக்கவுண்ட்டை மூடினால் பட்டியலும் போய்விடலாம்.

ஏழு பத்திகள் போதும்

இதற்குப் பின் நானே ஒரு பட்டியல் தயாரித்தேன். எக்ஸெல் இருந்தால் அதில் செய்யலாம். இல்லையேல் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை அமைக்கவும்: பெயர், வகை, படைத்தவர், ஆண்டு, மூலக் கதை, மதிப்பெண், ஏன் பிடித்தது.

எடுத்துக்காட்டாக என் பட்டியலில் ஒரு வரி: ஹவ் டு நேம் இட் - இசை - இளையராஜா - 1986 - (காலி) - 5 - வயலினுக்காக. இன்னொன்று: முள்ளும் மலரும் - படம் - மகேந்திரன் - 1978 - உமாசந்திரன் நாவல் - 5 - கடைசிக் காட்சியில் ரஜினியின் முகம்.

பெயர்களை எப்போதும் ஒரே மாதிரி எழுதவும். ஒரு வரியில் இளையராஜா, மற்றொன்றில் இசைஞானி என்று எழுதினால், நமக்கு ஒருவர், கம்ப்யூட்டருக்கு இருவர். தமிழில் டைப் செய்திட விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் கீபோர்டு உள்ளது. லேங்வேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். இது யூனிகோட் தமிழ். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் டைப் செய்திட வேண்டாம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக்களும் குறியீடுகளும்தான் தெரியும்.

பட்டியல் சொன்ன சேதி

நூறு வரிகள் சேர்ந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து கண்ட்ரோல் + ஷிப்ட் + எல் அழுத்தினேன். ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். இதுதான் ஆட்டோ பில்டர். வகையில் படம், மதிப்பெண்ணில் 5 என்று தேர்ந்தெடுத்தேன்.

அதுவரை யார் கேட்டாலும், "நான் ராஜா ரசிகன். பாட்டு நன்றாக இருந்தால் படம் பிடிக்கும்" என்பேன். பட்டியல் வேறு கதை சொன்னது. முள்ளும் மலரும், புதுமைப்பித்தனின் சிற்றன்னையைத் தழுவிய உதிரிப்பூக்கள் (1979), கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் (1968), பூமணியின் வெக்கை நாவலில் இருந்து உருவான அசுரன் (2019). இவற்றில் இரண்டுக்கு இசை இளையராஜா. மற்ற இரண்டில் ஒன்றுக்கு கே.வி. மகாதேவன், இன்னொன்றுக்கு ஜி.வி. பிரகாஷ்குமார். ஆனால் நான்கிலும் மூலக் கதை என்ற பத்தி நிரம்பியிருந்தது!

ஏற்கனவே எழுதப்பட்ட கதையில் இருந்து வந்த படங்களே எனக்கு அதிகம் பிடித்திருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக இது எனக்கே தெரியவில்லை. அந்த வாரமே வெக்கை வாங்கிப் படித்தேன். அதற்கும் ஒரு வரி சேர்ந்தது: வகை புத்தகம், மதிப்பெண் 5.

இணையத் தளங்களும் நம் ரசனையைக் கணக்கிட்டு அடுத்த படத்தைச் சிபாரிசு செய்கின்றன. நாம் எதைப் பார்த்தோம், எதைப் பாதியில் நிறுத்தினோம் என்பது அவற்றுக்குத் தெரியும். ஏன் பிடித்தது என்பது தெரியாது. எனவே அந்தக் கடைசிப் பத்தியை மட்டும் காலியாக விடாதீர்கள். நான்கு சொற்கள் போதும்.

பாதுகாப்பது எப்படி?

ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று, 128 கேபிபிஎஸ் அளவில், சுமார் 4.8 எம்.பி. இடம் பிடிக்கும். ஆயிரம் வரிகள் கொண்ட இந்தப் பட்டியலோ ஒரு எம்.பி.யைக் கூடத் தொடாது. எனவே பேக்கப் எடுக்காமல் இருக்கக் காரணமே இல்லை. மாதம் ஒரு முறை பென் டிரைவில் ஒரு காப்பி வைக்கவும். உங்களுக்கே இமெயிலில் அனுப்பியும் வைக்கலாம்.

கூடவே, பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று, சிஎஸ்வி வகையில் ஒரு காப்பி சேமிக்கவும். எழுத்து வகை கேட்டால் யூடிஎப்-8 எனத் தரவும். இது வெறும் டெக்ஸ்ட் பைல். நாளை எக்ஸெல்லோ கால்க்கோ இல்லாமல் போனாலும், நோட்பேடில் திறந்து படிக்கலாம்.

இன்றிரவு பத்து வரிகளுடன் தொடங்குங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு ஷீட் கொடுங்கள். என் அம்மாவின் ஷீட்டில் இதுவரை 62 வரிகள். மதிப்பெண் பத்தியில் எல்லாவற்றுக்கும் ஐந்துதான் போட்டிருக்கிறார். ஏன் என்ற பத்தியைப் படித்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.