வழுக்காத சாலைக்கு வேண்டிய ஜல்லி

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து கோரிமேடு வழியே போனால் ஏற்காட்டு அடிவாரம். அங்கிருந்து மலைமேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். ரவுண்டானாவில் பிரேக் போடும் பஸ்ஸும் வளைவில் இறங்கும் பைக்கும் நம்பியிருப்பது டயருக்கும் சாலைக் கல்லுக்கும் உள்ள பிடிப்பை. ஒரு கார் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான்.

அந்தப் பிடிப்பு இரண்டு வழிகளில் பிறக்கிறது. ரப்பர் கல்லோடு ஒட்டுகிறது. கல்லின் மேடுபள்ளங்களில் அமுங்கி நிமிரவும் செய்கிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. அந்த இழப்பும் சறுக்கலைத் தடுக்கிறது. மழை பெய்தால் நீர்ப்படலம் குறுக்கே வந்து ஒட்டுதலைக் கெடுக்கும்.

அந்த நீரில் பெரும்பகுதியை ஜல்லிகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களும் டயர் பட்டன்களும் வெளியேற்றுகின்றன. மிஞ்சும் மெல்லிய படலத்தைக் கிழிப்பவை கல்லின் முகத்திலுள்ள நுண்முனைகள். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய அவற்றை விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும்.

டயர்களும் தூசியும் சேர்ந்து இந்த முனைகளை நாளடைவில் மழுக்குகின்றன. பிரேக் அதிகம் விழும் சந்திப்பிலும் வளைவிலும் தேய்மானம் வேகம். சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி கால்சைட் என்ற ஒரே கனிமம்; மோஸ் கடின அளவுகோலில் அதன் மதிப்பு 3. அதனால் அது சீக்கிரம் வழவழப்பாகிவிடும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையில் குவார்ட்ஸ் (7), ஃபெல்ஸ்பார் (6), பைராக்சீன் ஆகியவை கலந்திருக்கின்றன. கடினம் வேறுபடும் கனிமங்கள் ஒரே சீராகத் தேயாததால், இத்தகைய கல்லில் சொரசொரப்பு நீடிக்க வாய்ப்பு அதிகம்.

குவாரிக்குக் குவாரி கல் மாறும் என்பதால் சோதனை அவசியம். கல் மாதிரிகளைச் சக்கரத்தில் பதித்து, எமரித் தூளும் நீரும் விட்டு, ரப்பர் டயரால் 6 மணி நேரம் தேய்ப்பார்கள். பிறகு நனைந்த மாதிரிமேல் ரப்பர் பொருத்திய ஊசலை உரசவிடுவார்கள். உரசியபின் ஊசல் எவ்வளவு குறைவாக எழுகிறதோ அவ்வளவு பிடிப்பு. தார்க்கான்கிரீட் மேல்தள ஜல்லிக்கு இந்தச் சோதனையில் கிடைக்கும் மதிப்பு குறைந்தது 55 இருக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

நம் பங்கும் இதில் உண்டு. டயர் பட்டன் ஆழம் காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர், இருசக்கர வாகனத்துக்கு 0.8 மில்லிமீட்டர் என்பது சட்டம். மொட்டை டயரை மாற்றுவது நம் பொறுப்பு. மழுங்கிய வளைவுகளுக்குச் சோதித்த ஜல்லியில் மழைக்கு முன்பே புதிய மேல்தளம் போடுவது சாலைத் துறையின் பொறுப்பு. இரண்டில் எது தவறினாலும் உயிர் போகலாம்.